ஒரு பாய்லர்காரர் சொல்லும் வழி: மான்ட்டாவை ஒரே நாளில் பார்ப்பது எப்படி

மகன் தம்பெரேயில் படிக்கிறான், மகள் ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறாள் என்று பின்லாந்துக்குப் போய்வரும் அப்பா அம்மாக்கள் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலும் இப்போது இருக்கிறார்கள். போனவர்கள் ஹெல்சிங்கியின் வெள்ளைத் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுக்கிறார்கள், படகில் ஒரு தீவுக்குப் போகிறார்கள். திரும்பி வந்ததும் கோப்பிக் கடையில் "குளிரு அண்ணே" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாளை ஒதுக்கி அங்கே மான்ட்டா என்ற சின்ன ஊருக்குப் போய் வாருங்கள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஊர் சுலபமாகப் புரியும். கோலாலம்பூர்க்காரர்களைவிட நமக்கு நன்றாகவே புரியும்.

காரணம் எளிது. அது ஒரு கம்பெனி கட்டிய ஊர். ஏரிகளுக்கு நடுவே, காட்டுக்குள், ஒரு காகித ஆலையைச் சுற்றி வளர்ந்தது. தேவாலயமும் கம்பெனிப் பணத்தில் எழுந்தது. துரை பங்களா தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரியாத கதையா?

நான் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவன். என் அப்பா பால்மரம் வெட்டினார், நான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். தங்கச்சி மகள் தம்பெரேயில் நர்ஸாக இருக்கிறாள், அதனால் போக வாய்த்தது. கலை, ஓவியம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நீராவி, தண்ணீர், ஆபீஸ், லயம் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

போவதற்கு முன் இங்கேயே ஒரு ஒத்திகை பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், பக்கத்தில் இருக்கும் பழைய தோட்டம் ஒன்றுக்குக் காடியை விடுங்கள். ஆறு எங்கே ஓடுகிறது, ஆலை அதிலிருந்து எவ்வளவு தூரம், ஆபீஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எங்கே இருந்தது, துரை பங்களா எந்த மேட்டில், லயம் எந்தப் பள்ளத்தில், கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் யார் நிலம் கொடுத்தார்கள். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்ஃபில் தோட்டப் பக்கம் போனால் கூட வரும் பிள்ளைகளுக்கு 1948 ஜூன் 16 பற்றியும் சொல்லுங்கள். அன்று காலை இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் தோட்ட ஆபீஸில் வைத்தே சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. தோட்ட ஆபீஸ் என்பது வெறும் கணக்கு எழுதும் இடம் இல்லை என்று அப்போது புரியும். அதே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் 90 நாள் வரை தங்க விசா வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூர் போய் ஃபின்ஏரில் ஹெல்சிங்கி போகலாம், அல்லது வேறு எங்காவது மாறிப் போகலாம். ஹெல்சிங்கியிலிருந்து தம்பெரேக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். தம்பெரேயிலிருந்து ஹாப்பமாக்கி பக்கம் போகும் சின்ன ரயிலில் ஏறி வில்ப்புலாவில் இறங்க வேண்டும், அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தத் தடத்தில் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். இங்கே கே.டி.எம். ரயில் போல "அடுத்தது வரும்" என்று நினைத்து பிளாட்ஃபாரத்தில் நிற்க முடியாது. வில்ப்புலாவிலிருந்து மான்ட்டா பத்து கிலோமீட்டருக்கும் குறைவு, பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போகலாம். இரண்டு ஊரும் 2009லிருந்து ஒரே நகராட்சி, அதனால் வரைபடத்தில் மான்ட்டா-வில்ப்புலா என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள். சேர்த்தாலும் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாது.

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள். ஜூன் கடைசியில் யுஹான்னுஸ் என்ற விழா வரும், அந்த வாரக் கடைசியில் ஊரே பூட்டிக் கிடக்கும், எல்லாரும் ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களைத் தவிருங்கள். டிசம்பரில் போனால் ஐந்தரை மணி நேரம்தான் பகல் வெளிச்சம். ஆலையைப் பார்ப்பதற்குள் இருட்டிவிடும்.

மான்ட்டாவில் இறங்கியதும் எல்லாரும் நேராக ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். முதலில் தண்ணீரிடம் போங்கள். கெவுருஸ்செல்கா என்ற பெரிய ஏரியின் தண்ணீர் இந்த ஊருக்குள் இறங்கித்தான் கீழே போகிறது. அந்த இறக்கத்தில்தான் ஆலை நிற்கிறது. அங்கே நின்று ஏன் இங்கே என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஆலைக்கு உயிர் பாய்லர். நான் நாரும் ஓடும் போட்டு எரித்தேன், நீராவி வந்தது, டர்பைன் சுற்றியது. இவர்களுக்கு ஆரம்பத்தில் அது தேவைப்படவில்லை, ஏரி தன் எடையாலேயே சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஏரிகள் உள்ள நாட்டில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே மட்டம் எங்கெல்லாம் சட்டென்று இறங்குகிறதோ அங்கெல்லாம் இப்படி ஓர் ஆலை ஊரைப் பார்க்கலாம். வேலைக்காகக் காட்டுமரத்தை ஆற்றில் விட்டால் அதுவே மிதந்து வந்து சேரும். லோரியும் வேண்டாம், சாலையும் வேண்டாம்.

குஸ்தாஃப் அடால்ஃப் செர்லாக்கியுஸ் என்ற மருந்துக்கடைக்காரர் 1868ல் இங்கே மரம் அரைக்கும் ஆலையைத் தொடங்கினார். அப்போது ஜெர்மனியிலிருந்து பரவிய முறை அது. பட்டை உரித்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கட்டையைச் சுழலும் கல்லின் மேல் அழுத்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் மரம் நார் நாராகப் பிரிந்து கூழாகிவிடும். அம்மிக்கல்லில் தேங்காய் அரைத்த கதைதான், அம்மிதான் பெரியது. அந்தக் கூழில் செய்த காகிதம் சீக்கிரம் மஞ்சளாகும். பழைய செய்தித்தாளைப் பரணில் வைத்தவர்களுக்குத் தெரியும். காகித ஆலை 1881ல் வந்தது. பின்லாந்து அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ் இருந்ததால், சரக்குக்குப் பெரிய சந்தை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

அந்த 1868 என்ற ஆண்டை மட்டும் கொஞ்சம் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பின்லாந்தில் 1866 முதல் 1868 வரை பெரிய பஞ்சம், ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள் செத்தார்கள், பட்டையை மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். பத்து வருடத்துக்குள் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கப்பல் ஏறியவர்களின் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோலா கங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டதும் அதே காலத்தில், 1877 வாக்கில்தான். வயிறு காய்ந்த காலத்தில்தான் இரண்டு இடத்திலும் கம்பெனிக்கு ஆள் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு யாராவது வேறு மாதிரிச் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

இனி ஆலையைச் சுற்றி நடங்கள். உள்ளே விட மாட்டார்கள், வேலியோடு சரி. இப்போது அங்கே ஓடுவது மெட்சா டிஷ்யூ என்ற கம்பெனி. கழிவறைக் காகிதமும் சமையலறைத் தாளும் செய்கிறார்கள், அடுப்பில் ரொட்டி சுட விரிக்கும் பேப்பர்கூடச் செய்கிறார்கள். கடையில் செர்லா என்ற பெயரில் கழிவறைக் காகிதச் சுருள் இருக்கும், செர்லாக்கியுஸ் பெயரின் பாதி அது. பெரிய துரையின் பெயர் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். பாய்லர் தெரிந்தவர்கள் கூரைக்கு மேல் வரும் நீராவியைப் பாருங்கள். மெல்லிய காகிதத்தை ஒரே ஒரு பெரிய உருளையில் ஒட்டவைத்து, உள்ளே நீராவி விட்டுச் சூடாக்கி, காய்ந்ததும் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். அந்தச் சுரண்டலில்தான் காகிதத்துக்கு மடிப்பும் மென்மையும் வருகிறது. வேலியோரம் நின்று இதைத் தங்கச்சி மகளுக்கு விளக்கினேன். "மாமா, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள். ஆமாம்மா, இதைப் பார்க்கத்தான்.

அடுத்து ஆபீஸ். 1934ல் கட்டியது, ஆலைக்குப் பக்கத்திலேயே வெள்ளை வெளேர் என்று நிற்கும். வால்ட்டர், பெர்ட்டெல் யுங் என்ற இருவர் வரைந்த கட்டடம். இப்போது அதுவும் அருங்காட்சியகம்தான், கம்பெனியின் கதையை உள்ளே சொல்கிறார்கள், டிக்கெட் வாங்கிப் போகலாம். ஆனால் முதலில் வாசலில் நின்று பாருங்கள். கிராணி (ஆபீஸ் கணக்கர்) ஜன்னலுக்கு வெளியே சம்பளத்துக்குக் கைகட்டி நின்ற நம் ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில் இங்கே இந்த ஆபீஸ் எழுகிறது, மறு வருடம் முதலாளிக்கு ஏரிக்கரையில் மாளிகை எழுகிறது. உலகம் முழுக்க ஒரே மந்தம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். அந்த மந்தம் எல்லா வீட்டு அடுப்பிலும் ஒரே மாதிரி இல்லை.

உள்ளே போனால் முதலாளி குடும்பத்தின் வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றது எல்லாம் அதில் தொங்குகிறது. முதலில் குஸ்தாஃப் அடால்ஃப், பிற்பாடு அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் யோஸ்தா, பிறகு யோஸ்தாவின் மகன் எரிக். இந்த யோஸ்தா பெரியவரின் மகள் சிஸ்ஸியைத்தான் கட்டிக்கொண்டார். நம் முறைப்படி அது தங்கச்சி. அங்கே வழிகாட்டி இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார், கூடப் போகும் நம் ஊர்ப் பெண்கள் அதே இடத்தில் ஐந்து நிமிடம் நிற்பார்கள். நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். 1980களில் கம்பெனி வேறொரு பெரிய மரக் கம்பெனியோடு சேர்ந்தது, குடும்ப ஆட்சி அதோடு முடிந்தது.

தேவாலயம் 1928ல் கட்டியது, செங்கல் கட்டடம், கம்பெனிதான் காசு கொடுத்தது. உள்ளே மரத்தில் செதுக்கிய வேலைகள் நன்றாக இருக்கும், செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, பேசாமல் நடந்தால் போதும். நம் தோட்டத்துக் கோயிலுக்கு நிலம் துரை கொடுத்தார், பணம் நம் செக்ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், மாதாமாதம் பிடித்தது. அதனால்தான் தோட்டம் விற்றுப்போன பிறகும் கோயிலை மட்டும் விடமாட்டோம் என்று சண்டை போட முடிகிறது. மான்ட்டாக்காரர்கள் தங்கள் கோயிலைப் பற்றி அப்படிப் பேசுவார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

தொழிலாளர் பக்கத்தை அருங்காட்சியகம் தானாக அவ்வளவாகச் சொல்லாது, கேட்டால்தான் வரும். கையில் உள்ள தாளை எடுத்துக் கேளுங்கள். 1918ல் அந்த நாட்டில் தொழிலாளர் பக்கம் சிவப்பு, முதலாளி பக்கம் வெள்ளை என்று இரண்டாகப் பிரிந்து உள்நாட்டுப் போர் நடந்தது. நீங்கள் ரயிலிறங்கிய வில்ப்புலாவே சண்டைக் களம், தெற்கே தம்பெரே சிவப்பர் கையில் இருந்தது. வெள்ளை அணி ஜெயித்தது. அதன்பின் முதலாளிகள் சங்கத்தோடு உட்கார்ந்து பேச ஒப்புக்கொள்ள 1940 ஜனவரி ஆயிற்று, அதுவும் ரஷ்யா படையெடுத்து வந்த குளிர்காலத்தில். நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ல் வந்தது. பதினான்கு வருட வித்தியாசம்தான். பணக்கார நாடு, அங்கே எப்போதும் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நல்ல மருந்து.

எனக்குப் பிடித்த இடம் பெக்கிலோ. ஓவியம் பார்க்க வருகிறவர்கள் அதை வெறும் கண்காட்சிக் கூடம் என்றுதான் நினைக்கிறார்கள், 1993லிருந்து கோடையில் நடக்கும் ஓவிய விழாவுக்கு அங்கேதான் படங்களை மாட்டுகிறார்கள். ஆனால் அது பழைய தொழிற்சாலை. மரத்தை அமிலத்தில் வேகவைத்துக் கூழ் எடுத்தால், மிச்சமாக ஒரு பழுப்புக் கழிவுநீர் வரும். அதில் மரத்தின் சர்க்கரை கலந்திருக்கும். ஏரியில் விட்டால் ஏரி நாறிப்போகும், மீன் சாகும். அந்தக் கழிவுநீரைத் தொட்டியில் விட்டு, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதை வடிகட்டிக் காயவைத்து, கால்நடைகளுக்குப் புரதத் தீனியாக விற்றார்கள். அந்தப் புரதத்தின் பெயர்தான் பெக்கிலோ, கட்டடத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

இதைக் கேட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களுக்குக் கழிவுக் குளம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டு மூன்று டன் கழிவுநீர் வரும். குளம் குளமாக வெட்டி மாற்றி மாற்றி விட்டு, நாற்றம் அடங்கும் வரை காத்திருப்போம். மழைக்காலத்தில் குளம் வழிந்தால் கம்பத்துக்காரர்கள் (பக்கத்துக் கிராமத்தார்) வந்து நிற்பார்கள். இப்போது சில ஆலைகள் குளத்தை மூடி வாயுவைப் பிடித்து எரிக்கின்றன, அது நல்லது. அந்தத் தண்ணீரில் தீனி வளர்க்கலாம் என்று நம் பக்கம் யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்தத் தொழிற்சாலை நின்றுபோனது, அது வேறு கதை, கூழ் ஆலையோடு அதன் கதையும் முடிந்தது. பிள்ளைகள் கெமிக்கல் இஞ்சினியரிங் படிக்கிறார்கள் என்றால் இந்தக் கூடத்துக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். சுவரில் இருக்கும் படங்களை அவர்கள் பார்க்கட்டும், நீங்கள் தூண்களையும் கூரையையும் பாருங்கள்.

இதற்குள் மத்தியானம் ஆகிவிடும். சாப்பாட்டுக்குப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கம்பு மாதிரி கறுத்த ரை என்ற தானிய மாவில் மெல்லிய தோல் செய்து, நடுவே சோற்றுக் கஞ்சியை வைத்துச் சுட்ட ஒரு பலகாரம் கடைகளில் கிடைக்கும், கர்யாலன்பீரக்கா என்று கேளுங்கள். மேலே வெண்ணெயில் பிசைந்த முட்டை தடவித் தருவார்கள். சோறு இல்லாமல் தலை சுற்றுகிறவர்களுக்கு அதுதான் கதி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மெனுவில் நௌதா என்ற சொல்லைப் பார்த்தால் தவிர்த்துவிடுங்கள். சம்பல் ஊறுகாயை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோவது உங்கள் இஷ்டம், நான் கொண்டுபோனேன். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

கடைசியில்தான் யோயென்னியெமி மாளிகை. ஊர் நடுவிலிருந்து அரை மணி நேர நடை, மெலாஸ்யார்வி ஏரிக்கரையில் இருக்கிறது. 1935ல் யோஸ்தா கட்டிய வீடு. அதற்கு இரண்டு வருடம் முன்பே தன் படங்களை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார், வீடு 1945ல் பொதுமக்களுக்குத் திறந்தது. 2014ல் பக்கத்தில் மரத்தால் ஒரு பெரிய புதுக் கூடம் கட்டினார்கள், பார்சிலோனா கட்டடக்காரர்கள் வரைந்தது. உள்ளே பின்லாந்தின் பேர்போன ஓவியர் கல்லென்-கல்லெலாவின் படங்கள் உண்டு. அவருக்கும் பெரிய செர்லாக்கியுஸுக்கும் நட்பு. நான் படங்களை வேகமாகப் பார்த்து முடித்துவிட்டேன், ஜன்னல் ஓரம் அதிக நேரம் நின்றேன். துரை பங்களாவுக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைவது என்பது நம் வயதுக்காரர்களுக்கு ஒரு மாதிரியான அனுபவம். சின்ன வயதில் அந்த மேட்டுப் பக்கம் பந்து போய் விழுந்தாலும் எடுக்கப் போக மாட்டோம். வீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டினால் தாவெத்தின்சாரி என்ற தீவு. காலாற நடந்து, ஜூலை கடைசி என்றால் தரையோடு காய்க்கும் நீலப் பழங்களைப் பறித்துச் சாப்பிடுங்கள். பின்லாந்தில் காட்டுப் பழம் பறிக்க யார் அனுமதியும் வேண்டாம், அது சட்டமே கொடுத்த உரிமை.

ராத் தங்குகிறவர்களுக்கு சௌனா, அதாவது நீராவிக் குளியல் அறை. அருங்காட்சியகத்தின் ஏரிக்கரையிலேயே 2022ல் ஒன்று கட்டியிருக்கிறார்கள், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். தங்கும் விடுதியிலும் பெரும்பாலும் ஒன்று இருக்கும். ஆண்கள் தனி, பெண்கள் தனி, துணி இல்லாமல்தான் உட்காருவார்கள். கூச்சமாக இருந்தால் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கீழ்ப் பலகையில் உட்காருங்கள், மேலே சூடு அதிகம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், ஏரியில் குதிப்பதை வாலிபப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். சூடான கல்லில் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் காது மடல் சுடும். நல்ல சூட்டில் நீராவி கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையாகத் தெரிந்தால் அது ஆறிப்போய்விட்டது என்று அர்த்தம். பாய்லர் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

மறுநாள் திரும்ப, வில்ப்புலா ஸ்டேஷனுக்கு டாக்ஸியை முதல் நாள் சாயங்காலமே சொல்லி வையுங்கள். காலையில் தெருவில் கைகாட்டினால் வண்டி கிடைக்காது. ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரையும் தேட வேண்டாம், போனில் வாங்கி வைத்திருங்கள், வண்டி சொன்ன நிமிடத்தில் வந்து சொன்ன நிமிடத்தில் போய்விடும்.